தோலுக்கா பஞ்சம் என்றார், நான் சிரித்தேன்

நாய் பழக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டு, அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னீர்கள். ஒருவர் இன்னும் தெளிவாகவே கேட்டுவிட்டார், வெற்றிக் கதை ஒன்று வேண்டுமாம். யாரைப் பார்த்தாலும் பாய்ந்துகொண்டிருந்த நாய் மூன்றே மாதத்தில் மடியில் வந்து படுத்துக்கொண்ட கதைகள் என்னிடம் கூடை கூடையாக இருக்கின்றன. அவற்றை எழுதினால் எனக்கு மனசு குளிரும், உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. ஆகவே நான் கெடுத்த காரியம் ஒன்றை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட ஒருவரைத் தவிர இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கெடுத்ததிலேயே பெரிய பங்கு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எங்கள் பக்கத்தில் நாய் பழக்குவது என்றால் தோல் தொழிற்சாலை காம்பவுண்டுகளில் காவல் நாய்களைப் பழக்குவதுதான். கழுத்தில் சங்கிலி, கையில் தடி, வாயில் அதட்டல். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெண்பிள்ளையாக இருந்துகொண்டு ஆண்களைவிட ஜாஸ்தியாக அதட்டினேன், இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள் என்று நினைப்பு. பிறகு கற்றுக்கொண்டேன். நல்லது செய்யும்போது தீனி கொடு, பாராட்டு, பயமுறுத்தாதே, அதன் மூக்குக்கும் வாய்க்கும் மூளைக்கும் வேலை கொடு. நாயும் மாறியது, நானும் மாறினேன். காட்பாடியிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்காடு, ஆம்பூர், நாட்றம்பள்ளி என்று வீடு வீடாகப் போவேன். 'அடிக்காம பழக்கற மேடம்' என்று பேராகிவிட்டது.

அந்தப் பேர் எனக்குத் தலைக்கேறியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்காதவளால் ஒரு நாய்க்குக் கெடுதல் வரவே வராது என்று நான் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

இருதயராஜ் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் டிரிம்மிங் வேலை பார்த்தவர். பதப்படுத்தி வருகிற தோலின் கந்தல் ஓரங்களைக் கத்தியால் வெட்டிச் சீராக்குவது அந்த வேலை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி ஆறு மாதம் முன்னால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் டெய்சியும்தான். டெய்சி தெருவிலிருந்து அந்த அம்மாள் எடுத்து வளர்த்த பழுப்பு நிற நாட்டு நாய், நாலு வயது.

முதல் தடவை போனில் பேசும்போதே குரலில் பதற்றம்.

"மேடம், இது எல்லாத்தையும் கடிக்குது. கதவு நெலய கடிச்சிட்டுது, மெத்தயக் கிழிச்சிட்டுது, வீட்டுக்காரர் மோட்டார் ஒயர வேற கடிச்சி வச்சிட்டுது. ஒரு மாசம் டைம் குடுத்துக்கிறார். நாய் போவணும், இல்லன்னா நான் போவணும். எங்க மேரி வளத்த நாய் மேடம். இத நான் எங்க கொண்டு போய் விடுவேன்?"

போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, வாசலில் சின்ன சிமெண்ட் தளம். கதவு நிலையின் கீழ்ப்பகுதி எலி கரண்டிய மாதிரி இருந்தது. டெய்சி என் கையை முகர்ந்துவிட்டு அறைக்குள் போய், அந்த அம்மாள் படுத்திருந்த கட்டிலின் கீழே படுத்துக்கொண்டது. கெட்ட நாய் இல்லை. நாளெல்லாம் கூடவே இருந்த ஆள் ஒருநாள் காணாமல் போய், இப்போது தினமும் பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கிற நாய். அதன் துக்கத்துக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

இருதயராஜுக்குச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அரை மணி நேரம் வெளியே கூட்டிப் போங்கள், இழுக்காதீர்கள், அது முகர நினைக்கிற இடத்திலெல்லாம் நின்று முகரட்டும். சாதத்தைத் தட்டில் கொட்டாதீர்கள், பழைய துண்டில் சுருட்டி வையுங்கள், தேடித் தின்னட்டும். மாலையில் வந்ததும் பத்து நிமிடம் ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. அவர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் கிளம்பும்போது நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆற்காட்டில் அடுத்த வீடு காத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "மென்னுகிட்டே இருக்கற மாதிரி கெட்டியா ஏதாவது குடுங்க அண்ணா. வாய்க்கு வேலை இருந்தா கதவ விட்டுடும்" என்றேன்.

அவர் வாசல் வரைக்கும் வந்து, "கெட்டியான்னா, எங்க கம்பெனியில வெட்டிப் போடற ஓரம் குடுக்கலாமா மேடம்? தோலுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "அதான, குடுங்க, நல்லா மெல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

நான் வெளியூர்க்காரி இல்லை. பதப்படுத்தாத பச்சைத் தோலைச் சுத்தம் செய்து காயவைத்து நாய்க்கென்று செய்கிற தின்பண்டம் எது, சுண்ணாம்பில் ஊறி குரோம் உப்பு ஏறி நீலமாகி வருகிற தோல் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குரோம் ஏறிவிட்டால் அது மழையில் கிடந்தாலும் அழுகாது, வயிற்றில் கிடந்தாலும் கரையாது. செருப்புக்காகச் செய்தது அது. எங்கள் பக்கத்தில் அதைப் 'புளூ' என்பார்கள், பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கும் அந்த நிறம் தெரியும். அவர் எந்த ஓரத்தைச் சொல்கிறார், எந்தக் கட்டத்தில் வெட்டியது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தோல் நாற்றத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறாது. எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

அவருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றும் நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலைப் பின்புறம் பச்சைத் தோலிலிருந்து வழித்துப் போடுகிற சவ்வைத் தின்றே தெரு நாய்கள் கொழுகொழுவென்று இருக்கும். அதை முப்பது வருடமாகப் பார்த்தவர். சவ்வு நாறுகிறது, டெய்சிக்கு அது வேண்டாம், சுத்தமானதாகக் கொடுப்போம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நல்ல காலம். தினமும் சாயங்காலம் வீடியோ அனுப்புவார். டெய்சி துண்டைப் பிரித்துச் சாதம் தேடுவது, கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த முட்டையைக் கண்டுபிடிப்பது. ஒரு வீடியோவில் முன்னங்கால்கள் இரண்டாலும் எதையோ பிடித்துக்கொண்டு, கண் சொக்கிப்போய் மென்றுகொண்டிருந்தது. காது தளர்ந்திருக்கிறது, தாடை இறுக்கம் இல்லை, வால் தரையில் லேசாக ஆடுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன மெல்லுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அந்த வீடியோவை வேறு நாலு வீட்டுக்காரர்களுக்கு அனுப்பி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. அதன் வாயிலிருந்து தொங்குவது சாம்பல் கலந்த நீலம்.

வீட்டுக்காரரும் இறங்கி வந்துவிட்டார். இருதயராஜ் போனில் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "நாய் இருக்கறதே தெரியலப்பான்றார் மேடம். இருந்துட்டுப் போட்டும்னு சொல்லிட்டார். பேஜார் விட்டுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து போன் செய்தார்.

"ரெண்டு நாளா ரொம்ப சாதுவாய்ட்டா மேடம். வெளியே கூப்ட்டாக்கூட எழுந்துக்கல. அவ பாட்டுக்கு சுருண்டு படுத்துக்கினு கீறா."

"நல்லதுதான் அண்ணா. மனசு அடங்கினா அப்படித்தான் தூங்கும். இத்தனை மாசமா அது சரியாவே தூங்கல இல்ல?"

"சாப்பாடும் கம்மியாத்தான் எடுத்துக்கிறா."

"வெயிலு அண்ணா. எந்த நாய் இப்ப சாப்பிடுது? தொந்தரவு பண்ணாம விடுங்க."

தண்ணீர் குடித்ததா, வெளிக்குப் போனதா, முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறதா, வயிற்றைத் தொட்டால் முனகுகிறதா என்று எதையும் நான் கேட்கவில்லை. இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நாய் அடங்க வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது அடங்கிவிட்டது என்று சொன்னால் நமக்கும் மனசு குளிர்ந்துவிடும், பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வோம். நோய் வந்த நாயும் அடங்கித்தான் படுக்கும். வெறும் மூன்று வாரத்தில் எந்தத் துக்கமும் அவ்வளவு சுத்தமாக அடங்காது, அது நாய்க்கும் பொருந்தும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் விடாமல் வாந்தி. கூட வேலை செய்கிறவர் ஒருவரின் வேனில் போட்டு வேலூருக்குக் கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து நாய்களை எல்லாம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார், இருதயராஜ் போன் செய்ததும் நானும் அங்கே போய்விட்டேன். டெய்சியை இறக்கும்போதே ஈறு வெளுத்திருந்தது. அது என்னைப் பார்த்து வாலை ஒருமுறை ஆட்டியது. வயிற்றைப் படம் எடுத்தார்கள், குடல் அடைத்திருக்கிறது என்றார்கள், உடனே உள்ளே கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இருதயராஜ் வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். மேரிக்கு முடியாமல் போனபோது இப்படி ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு தடவை சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா எவர்சில்வர் தட்டோடு வெளியே வந்தார். தட்டில் கை முஷ்டி அளவுக்கு ஒரு பந்து. நூல் நூலாகவும் பட்டை பட்டையாகவும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட தோல். வயிற்றுக்குள் அத்தனை நாள் கிடந்தும் நீலம் போகவில்லை. பார்த்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கூட்டர், ஹெல்மெட், அவர் கேட்டது, நான் சிரித்தது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"யாருங்க இதைக் குடுத்தது?" என்றார் டாக்டரம்மா. கோபமாகத்தான் கேட்டார்.

இருதயராஜ் எழுந்து நின்றார். "நான்தான் டாக்டர். எங்க கம்பெனி புளூ ஓரம். மூணு தண்ணி ஊத்திக் கழுவி, மாடியில வெயில்ல காய வச்சி, சுத்தமாத்தான் டாக்டர் குடுத்தேன்."

"குரோம் தோல் அது. எத்தனை வருஷமா அங்க வேலை செய்றீங்க? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு விநாடி இருக்கும், அதற்கு மேல் இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் டாக்டர். கேட்டிருக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவசரத்தில் எடுக்கிற முடிவுகளைப் பற்றி வகுப்பில் உங்களுக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள், இரண்டு நாய்கள் கட்டிப் புரண்டால் என்ன செய்வது, குழந்தை மேல் பாய்ந்தால் என்ன செய்வது என்று. என் தொழிலில் எனக்கு வந்த மிகப் பெரிய அவசரம் அந்த ஒரு விநாடிதான். இவர் கேட்டார், நான்தான் குடுங்க என்றேன் என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே. என் பேரை நினைத்தேன். அந்த டாக்டரம்மாதான் எனக்குப் பாதி வீடுகளை அனுப்பிக்கொண்டிருந்தார், அதையும் நினைத்தேன். டெய்சி பிழைத்துவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டெய்சி பிழைக்கவில்லை. குடல் ஓரிடத்தில் அழுகிப்போயிருந்தது. மறுநாள் மத்தியானம், இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. அவர் அழவில்லை. போர்த்தியிருந்த துணியை இழுத்துச் சரி செய்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கடைசி ஒரு மாசம் அவ சந்தோஷமா இருந்தா மேடம். அது உங்களாலதான். நான்தான் என் கையால கெடுத்துட்டேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை. அடிக்காத கையும் நாயைக் கொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு, அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டிருக்க, சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு நான் ரொம்பக் கறாராக மாறினேன். எந்த வீட்டுக்குப் போனாலும், நாய்க்குக் கொடுக்கிற ஒவ்வொன்றையும் கொண்டுவந்து என் கண்முன்னால் தரையில் பரப்பச் சொல்வேன். பந்து, கயிறு, எலும்பு, பிஸ்கட், எதுவானாலும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பேச்சு. மேடத்துக்கு இன்னா கவனம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. இருதயராஜிடம் சொல்ல வேண்டும் என்று நாலைந்து தடவை போனை எடுத்தேன். மனிதர் இப்போதுதான் தேறியிருப்பார், கிளறுவானேன் என்று வைத்துவிட்டேன். அவருடைய நன்மைக்காகத்தான் சொல்லவில்லை என்று ஒரு கட்டத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

எட்டு மாதம் போனது. ஒருநாள் டாக்டரம்மா போன் செய்தார்.

"ஆம்பூர் இருதயராஜ் ஒரு குட்டியைக் கொண்டு வந்திருந்தார். அஞ்சு மாசக் குட்டி. முன்னங்காலைத் தானே நக்கி நக்கிக் கடிச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கு. தோல்ல ஒண்ணும் இல்லை, பூச்சியும் இல்லை. உங்க வேலை இது. அவர் உங்களைக் கூப்பிடத் தயங்குறார், நீங்களே ஒரு நடை போய்ட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு பகலில் போனேன். கதவு நிலைக்குப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார். குட்டி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. இரண்டு முழம் கயிறு. அது எட்டக்கூடிய தூரத்தில் ஒரு பொருள்கூட இல்லை. சாக்கு இல்லை, துணி இல்லை, கிண்ணம்கூட இல்லை. கழுவிவிட்ட வெறும் சிமெண்ட் தரை. குட்டி என்னைப் பார்த்து எழுந்தது, நாலு சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்து மறுபடி தன் காலையே கடிக்க ஆரம்பித்தது. முட்டிக்குக் கீழே முடி உதிர்ந்து சிவந்திருந்தது.

"யாரோ எங்க கேட்டாண்ட விட்டுட்டுப் போய்ட்டாங்க மேடம். லாரியில அடிபட்டுடும்னு எடுத்தாந்தேன்."

"பேரு என்ன அண்ணா?"

"வைக்கல."

"விளையாட ஒண்ணுமே வைக்கலையே? மெல்ல ஒண்ணும் இல்லையே?"

"வேணாம் மேடம். சாதம் போடுவேன், தின்னு முடிக்கற வரைக்கும் நிப்பேன், தட்ட எடுத்துருவேன். என் கை ராசி உங்களுக்குத் தெரியாததா? நான் ஆசையா குடுத்தா அது செத்துப் போவுது. இது இப்படியே இருந்துட்டுப் போட்டும், உசுரோடயாவது இருக்கும்."

என் மௌனத்தால் வந்த கெடுதல் அவரோடு நின்றுவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது இங்கே இரண்டு முழக் கயிற்றில் கட்டுண்டு தன் காலைத் தானே தின்றுகொண்டிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஓரம் குடுக்கலாமா என்று அவர் கேட்டதை, நான் குடுங்க என்றதை, டாக்டரம்மா கேட்டபோது தெரிந்தே தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை. அழுதேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நான் கேட்டேன்னு எனக்கு ஞாபகம் இருந்துது" என்றார். "நீங்க சிரிச்சிக்கினே சரின்னு சொன்னதும் ஞாபகம் இருந்துது. ஆனா டாக்டர் கேட்டப்போ நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப நான்தான் கேக்காமயே கேட்ட மாதிரி நெனச்சிக்கினேன் போலன்னு வச்சிக்கினேன். எட்டு மாசமா படுத்தா அதேதான். கேட்டேனா, கேக்கலையா. மேரி போனதுல மூளை கலங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்."

ஒரு நாயைக் கொன்றேன் என்பதுவரைக்கும் எனக்குத் தெரியும். ஒரு மனிதனுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போகும்படி செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னிச்சுடுங்க அண்ணா என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

"இதுக்கு இன்னா குடுக்கறது?" என்று குட்டியைக் காட்டிக் கேட்டார்.

நான் அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வாயால சொல்லாதீங்க. வாங்கினு வாங்க. என் கண்ணு முன்னால நீங்களே குடுங்க. அது முடிக்கற வரைக்கும் இங்கயே குந்துங்க."

மேடம் என்று சொல்லவில்லை. கடைத்தெருவுக்குப் போய், உள்ளே குடைவாக இருக்கிற கெட்டி ரப்பர் பந்து ஒன்று வாங்கிவந்தேன், குட்டியின் வாய்க்குள் போகாத அளவு. அவர் அதை வாங்கி அழுத்திப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், இது பிய்யுமா என்று கேட்டார், பிய்ந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். குழைந்த சாதமும் வேகவைத்த முட்டையும் பிசைந்து உள்ளே அடைத்து, குட்டிக்குக் கொடுத்தேன். அதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பயந்து பின்வாங்கியது. பிறகு முகர்ந்தது, தட்டியது, நக்கியது. முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அது தன் காலைத் தொடவில்லை. இருதயராஜ் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை, வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வாங்க" என்றார்.

அவர் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் காட்பாடியில் ரயிலேறிப் போவேன். பதினோரு நாள் போனேன். நான் கொடுப்பேன், அவர் பார்ப்பார். ஒருநாளும் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் டீ போடாமல் என்னை அனுப்பவே மாட்டார். ஏழாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். ஒன்பதாம் நாள் தரையில் ஒரு சாக்கு கிடந்தது. குட்டியின் காலில் பூனை முடி மாதிரி புது முடி முளைத்திருந்தது.

பதினோராம் நாள் நான் போனபோது பந்தில் சாதத்தை அவரே அடைத்து வைத்திருந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. குட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தை நீட்டினார், உடனே கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை குட்டியே எட்டி வாங்கிக்கொண்டு சாக்கின் மேல் போய்ப் படுத்தது. அது முடித்துவிட்டுத் தூங்கிப்போகும் வரைக்கும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு எழுந்து வந்து எனக்காகக் கேட்டைத் திறந்து பிடித்தார்.

"இனிமே நீங்க வர வேணாம் மேடம்" என்றார். "நான் பாத்துக்கறேன்."